தொழிற்சாலையில் தயாராகும் வீட்டுக்கு எந்த டேப், எந்தக் காம்பவுண்டு?

“பேப்பர் டேப் நல்லதா, மெஷ் டேப் நல்லதா?” ஜிப்சம் போர்டு சுவர் என்றாலே, இரண்டு போர்டுகள் சேரும் ஜாயின்ட்டின் மேல் போடும் டேப்பைப் பற்றி இந்தக் கேள்வி வந்துவிடும். கட்டும் இடத்திலேயே எழும்பும் வீட்டுக்கு இதற்கு ஓரளவு பொதுவான பதில் உண்டு. தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து, டிரெய்லரில் ஏற்றி, கிரேனில் தூக்கி வைக்கும் வீட்டுக்கு அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சுவருக்குச் சோதனையே ஆரம்பிக்கிறது. சாதாரண வீட்டில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் அசைவு போக, இங்கே ஒரே பயணத்தில் மொத்தமாக ஒரு குலுக்கல் இருக்கிறது.

கேள்வியிலேயே ஒரு குறையும் உண்டு. டேப்பை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதைப் பதிக்கும் காம்பவுண்டோடு, அதாவது ஜாயின்ட்டை நிரப்பிப் பூசும் கலவையோடு சேர்த்துத்தான் அது ஜாயின்ட் ஆகிறது. ‘மெஷ் போட்டோம், விரிந்துவிட்டது’ என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மேலே என்ன காம்பவுண்டு போட்டீர்கள் என்பதைத்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

அசைவு. டிரெய்லரில் போகும்போது பெட்டி குலுங்குகிறது, முறுகுகிறது. கிரேன் தூக்கும்போது வேறு விதமாக வளைகிறது. இந்த இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. கதவு, ஜன்னல் மூலைகளிலும், இரண்டு பெட்டிகள் சேரும் பக்கத்தில் விட்டிருக்கும் அகலமான திறப்புகளிலும்தான் போய்க் குவியும். அதோடு சட்டத்து மரம் வேறு இருக்கிறது. 19 சதவீதம் வரை ஈரத்தோடு வரும் மரம், வீட்டுக்குள் வெப்பமும் குளிர்ச்சியும் ஓட ஆரம்பித்ததும் இன்னும் காய்ந்து சுருங்கும். அதை எந்த டேப்பும் தடுக்காது, தாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

வரிசையின் வேகம். தொழிற்சாலையில் பெட்டி ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் பூச்சு காய ஒரு நாள் பிடிக்கும் என்றால் ஒரு நாள் முழுக்க அந்தப் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் காயாத பூச்சின் மேலேயே அடுத்த பூச்சு ஏறும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, வெளியே தெரியாது என்பதால்.

ஈரம். குளியலறை மட்டும் இல்லை. முடிந்த பெட்டி முற்றத்தில் காத்திருக்கும் காலம், வழியில் மழை, இடத்தில் வைத்த பிறகு மின்சாரம் வரும்வரை ஜன்னல் மூடிக் கிடக்கும் நாட்கள், இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கையும் கருவியும். கைத் தகட்டால் பதிக்கிறார்களா, டேப்பையும் காம்பவுண்டையும் சேர்த்தே இறக்கும் இயந்திரக் குழாயா? இதைப் பொறுத்தே சில ஜோடிகள் அடிபட்டுப் போகும்.

வெளிச்சம். சுவரை உரசிக்கொண்டு விழும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அரை மில்லிமீட்டர் மேடும் தெரியும். மேலே கரடு முரடான டெக்ஸ்சர் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை பாதி தீர்ந்தது.

## டேப்புகள்

### பேப்பர் டேப்

சுமார் 50 மி.மீ. அகலம், நடுவில் மடிப்புத் தடம். பழைய பொருள்தான், ஆனால் இழுத்தால் நீளாத பொருள். ஜாயின்ட்டில் டேப்பின் வேலையே இரண்டு போர்டுகளும் விலகப் பார்க்கும்போது விடாமல் பிடிப்பதுதானே. அந்த வேலைக்கு நீளாத தன்மை பெரிய பலம். உள்மூலைகளில் இதற்கு இணை இல்லை. மடிப்புத் தடத்தில் மடித்து வைத்தால் மூலை நேராக வரும்.

குறை, பதிக்கும் கையைப் பொறுத்தது. அடியில் காம்பவுண்டு போதாமல் போனால் காற்றுக் குமிழி நிற்கும். அதிகமானால் மேடு. டேப்பின் ஓரத்துக்கு அடியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காம்பவுண்டு தங்கும்படி இழுத்து வழிப்பது பழகிய கைக்குத்தான் வரும். தொழிற்சாலையில் குமிழி விட்ட டேப் உடனே காட்டிக்கொடுக்காது. வழியில் குலுங்கிய பிறகு, பெயிண்ட்டுக்கு அடியில் நீளமாக உப்பிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். அதைக் கீறி எடுத்து, திரும்பப் பதித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் நிறம் பொருந்த வைக்கும் செலவு இடத்தில் வேலை பார்ப்பவரின் தலையில் விழும். தொழிற்சாலைக் கணக்கில் அது ஏறவே ஏறாது.

இன்னொரு குறை, காகிதம் பூஞ்சைக்கு உணவு. தொடர்ந்து ஈரம் ஏறும் இடத்தில் அது நினைவில் இருக்கட்டும்.

### ஒட்டும் மெஷ் டேப்

கண்ணாடி இழையில் வலை போல நெய்து, ஒரு பக்கம் பசை தடவியது. அடிப்பூச்சு தேவையில்லை. ஜாயின்ட்டின் மேல் நேராக ஒட்டிக்கொண்டே போகலாம். புதிய ஆள்கூட ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்வார். குமிழி வராது. பூஞ்சைக்கு உணவும் இல்லை. தொழிற்சாலை மேலாளருக்கு இதைப் பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வலை கொஞ்சம் நீளும் தன்மை உள்ளது. இழுப்பு வரும்போது இழைகள் முழு பலத்தோடு பிடிப்பதற்கு முன்பே மேலிருக்கும் காம்பவுண்டில் மயிரிழை விரிசல் விழுந்துவிடலாம். அதனால்தான் இதன் முதல் பூச்சுக்குக் கெட்டியாக இறுகும் பவுடர் வகையையே போடச் சொல்கிறார்கள். வாளியில் வரும் சாதாரண ரெடிமிக்ஸை மெஷ்ஷின் மேல் நேராகப் போட்டு, அந்தச் சுவரை டிரெய்லரிலும் ஏற்றினால் விரிசலை நீங்களே கூப்பிட்டது போல. மெஷ் மிச்சம் பிடித்த நேரத்தை, பவுடர் கலக்குவதிலும் கலந்ததை நேரத்துக்குள் முடிப்பதிலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது இதன் மறைந்த செலவு.

வேறு சிலவும் உண்டு. பேப்பரைவிடத் தடிமன் என்பதால், போர்டின் ஓரம் மெலியாமல் முழுத் தடிமனோடு சேரும் முட்டு ஜாயின்ட்டில் மேடு தெரியும். அதிகம் தேய்த்தால் இழை வெளியே வந்து பெயிண்ட்டில் பதியும். உள்மூலைக்குச் சரிப்படாது. போர்டு அறுத்த தூசி படிந்திருந்தால் பசை ஒட்டாது. அறுப்பதும் ஒட்டுவதும் ஒரே கூரைக்கு அடியில் நடக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

### கண்ணாடி இழைப் பாய் டேப்

நெய்யாத மெல்லிய பாய். பார்க்கப் பேப்பர் போல, பொருளில் கண்ணாடி. பசை கிடையாது, பேப்பரைப் போலவே காம்பவுண்டில் பதிக்க வேண்டும். துளைகள் வழியாகக் காம்பவுண்டு ஊடுருவி வருவதால் குமிழி அரிது. மெஷ்ஷைவிட மெல்லியது, பேப்பரைப் போல ஈரத்துக்கு அஞ்சாதது. காயும் வகை, இறுகும் வகை என்று கீழே வரும் இரண்டு காம்பவுண்டுகளோடும் சேரும். கேட்க எல்லாமே நன்றாக இருக்கிறது.

கையாளும்போதுதான் வித்தியாசம் தெரியும். தகட்டை அழுத்தி இழுத்தால் கிழிந்துவிடும். உள்மூலையில் மடிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். இழை தோலில் பட்டால் அரிக்கும். தேய்க்கும்போது வெளியே வந்துவிட்டால் இன்னும் மோசம், கையுறையும் முகமூடியும் கட்டாயம். பேப்பரில் வருடக்கணக்காகப் பழகிய குழுவிடம் இதைத் திடீரென்று கொடுத்தால் முதல் சில பெட்டிகளில் வேகம் குறையத்தான் செய்யும்.

## காம்பவுண்டுகள்

### காயும் வகை

வாளியில் கலந்தே வரும். இது கெட்டியாவதற்கு ஒரே வழி, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவது. தண்ணீர் போன இடம் சுருங்கும். அதனால் ஒரே பூச்சில் ஆழமான இடத்தை நிரப்ப முடியாது. 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் என்ற நல்ல சூழலிலேயே ஒரு மெல்லிய பூச்சுக்குச் சுமார் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது நாட்கணக்கில் இழுக்கும்.

இதிலும் உட்பிரிவு உண்டு. டேப் பதிக்கும் வகையில் பிணைப்புப் பொருள் அதிகம், நன்றாக ஒட்டும், தேய்ப்பது கஷ்டம். கடைசிப் பூச்சுக்கான டாப்பிங் வகை வெண்ணெயாகத் தேயும், ஆனால் டேப்பைப் பிடிக்கும் பலம் அதற்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில், எல்லாப் பூச்சுக்கும் பொதுவான ஆல்பர்ப்பஸ். ஒரே வாளியில் எல்லாம் முடியும் என்பதால் கிடங்குக்குச் சௌகரியம். குலுக்கலுக்குப் போகும் ஜாயின்ட்டில் டேப் பதிக்க டாப்பிங்கைத் தொடவே வேண்டாம்.

இதன் பலம், பொறுமை. மூடி வைத்தால் நாளைக்கும் இருக்கும். இயந்திரக் குழாயில் பயமில்லாமல் ஓட்டலாம். தேய்ப்பதும் சுலபம். பலவீனம், அதைக் காய வைக்க நாம் செய்யும் அவசரம். சூடான காற்றை நேராக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, ஓரங்களில் விரிசல் விழும். விசிறி வைத்து அறைக் காற்றை மெதுவாக மாற்றிக்கொண்டே இருப்பது அதைவிட நல்லது.

### இறுகும் வகை

மூட்டையில் வரும் பவுடர். தண்ணீர் சேர்த்ததும் வேதிவினை தொடங்கி, பவுடர் மறுபடி ஜிப்சமாகவே மாறி இறுகுகிறது. கையில் லேசான சூடு தெரியும். போர்டின் நடுவில் இருப்பதும் அதே ஜிப்சம்தான். 5, 20, 45, 90, 210 நிமிடம் எனப் பல கால அளவுகளில் கிடைக்கிறது. சுருக்கம் மிகக் குறைவு. கெட்டியானது. ஆழமான இடைவெளியை ஒரே தடவையில் நிரப்பலாம். இறுகிய உடனே, முழுதாகக் காயும் முன்பே, அடுத்த பூச்சு போடலாம். நகரும் வரிசைக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

பலர் சறுக்குவது இங்கேதான். இறுகுவது வேறு, காய்வது வேறு. 45 நிமிடத்தில் கல்லாகிவிட்ட பூச்சுக்குள் இன்னும் தண்ணீர் இருக்கும். அடுத்த பூச்சுக்கு அது தடை இல்லை, பெயிண்ட்டுக்குத் தடை. மூன்று பூச்சையும் இந்த வகையிலேயே ஒரே ஷிப்டில் முடித்துப் பெயிண்ட் நிலையத்துக்கு அனுப்பிவிட்டால் பெயிண்ட் உப்பும், ஜாயின்ட் கோடு மங்கலாகத் தெரியும்.

அப்புறம் தேய்ப்பது. பழைய ரக கெட்டி வகையைத் தேய்ப்பதற்குள் பக்கத்துப் போர்டின் காகிதம் தேய்ந்துவிடும். எடை குறைந்த ரகம் தேயும், ஆனால் பலம் சற்றுக் குறைவு. கலக்கும் வாளியில் முந்தைய கலவையின் துணுக்கு ஒட்டியிருந்தால் புதியது சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகும். இறுக ஆரம்பித்ததில் தண்ணீர் ஊற்றி மீட்கப் பார்ப்பது வீண், பலம் போய்விடும். இயந்திரக் குழாயில் இதை ஓட்டுவது சூதாட்டம், உள்ளே இறுகினால் கருவியே போச்சு. ஈரம் பட்ட மூட்டை சொன்ன நேரத்தைக் காப்பாற்றாது. மீந்ததெல்லாம் குப்பை. இத்தனையையும் விலைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

## ஒரு பார்வையில்

| | பேப்பர் + காயும் வகை | பேப்பர் + இறுகும் அடிப்பூச்சு | மெஷ் + இறுகும் அடிப்பூச்சு | பாய் டேப் + இறுகும் அடிப்பூச்சு |
|---|---|---|---|---|
| குலுக்கல் தாங்குவது | நன்று, முழுதாகக் காய்ந்திருந்தால் | மிக நன்று | நடுத்தரம் | நன்று |
| அடுத்த பூச்சுக்குக் காத்திருப்பு | சுமார் ஒரு நாள் | ஒன்றிரண்டு மணி நேரம் | ஒன்றிரண்டு மணி நேரம் | ஒன்றிரண்டு மணி நேரம் |
| உள்மூலை | மிக நன்று | மிக நன்று | வேண்டாம் | முடியும், கவனம் தேவை |
| ஈர இடம் | சுமார் | சுமார் | நன்று | மிக நன்று |
| முட்டு ஜாயின்ட்டில் மேடு | குறைவு | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |
| இயந்திரக் குழாய் | ஏற்றது | ஆபத்து | பொருந்தாது | ஆபத்து |
| முக்கிய மறை செலவு | காத்திருக்கும் இடம் | வீணாகும் கலவை | ஆரம்ப விரிசல் பழுது | பழக்கும் நேரம், கிழிசல் |

நான்கிலும் மேல்பூச்சுகளுக்கு எளிதில் தேயும் காயும் வகை என்று வைத்துக்கொண்டே ஒப்பிட்டிருக்கிறேன். மெஷ்ஷோடு காயும் அடிப்பூச்சைச் சேர்க்காமல் விட்டது மறதியால் அல்ல.

## எந்த இடத்துக்கு எது

டிரெய்லரில் போகும் பெட்டிக்கு என் முதல் தேர்வு, பேப்பர் டேப்பை 45 அல்லது 90 நிமிட இறுகும் வகையில் பதித்து, மேலே காயும் வகையில் இரண்டு பூச்சு. டேப் நீளாது, அடிப்பூச்சு சுருங்காது, மேலே தேய்க்கச் சுலபம். கையால் பதிக்கும், நிதானமான குழு இருக்கும் தொழிற்சாலைக்கு இதுதான்.

இயந்திரக் குழாய் வைத்து வேகமாக ஓட்டும் இடத்தில் இதை வற்புறுத்தினால் நடக்காது. அங்கே பேப்பரும், டேப் பதிக்கும் காயும் வகையும்தான். பதிலுக்கு, காயும் நேரத்தை வரிசைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இரவு முழுக்கச் சூடும் காற்றோட்டமும் உள்ள கூடத்தில் பெட்டியை நிறுத்த இடம் இருந்தால் இந்த ஜோடியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. போர்டு வேலைக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் சி840, ஜாயின்ட் பூச்சு வேலைக்கு 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பநிலையைக் கேட்கிறது. கதவு திறந்தே கிடக்கும் குளிர்காலக் கூடத்தில் இது தானாக அமையாது.

குளியலறை, துணி துவைக்கும் இடம், ஈரமான பகுதிக்குப் போகும் வீடு என்றால் பாய் டேப். வீடு முழுக்க மாற்ற முடியாவிட்டாலும் அந்த அறைகளுக்கு மட்டும் மாற்றலாம்.

மெஷ்ஷுக்கும் இடம் உண்டு. வீட்டைக் கொண்டுபோய் வைத்த பிறகு செய்யும் ஒட்டு வேலைகளுக்கு அது அருமை. மின்பெட்டியைச் சுற்றி உடைந்த ஓரம், போர்டில் விழுந்த துளை, இவற்றுக்கு மெஷ்ஷை ஒட்டி 20 நிமிடப் பவுடரைப் போட்டால் அன்றைக்கே இரண்டு பூச்சு முடியும். ஓரம் மெலிந்து சரிந்த ஜாயின்ட்டுகளிலும் பரவாயில்லை, அடிப்பூச்சு பவுடராக இருக்கும் பட்சத்தில். முட்டு ஜாயின்ட்டும் உள்மூலையும் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. கதவு, ஜன்னல் மூலைக்கு நேராக ஜாயின்ட் வரும்படி போர்டை அடித்துவிட்டால் எந்த ஜோடியும் உதவாது. முழுப் போர்டை வைத்து, திறப்பை அதிலேயே வெட்டி எடுப்பதுதான் அங்கே சரியான வழி. கொஞ்சம் போர்டு வீணாகும், ஆகட்டும். திருகோடு பசையும் சேர்த்துப் போர்டை ஒட்டுவதும், பயணத்தின்போது பெரிய திறப்புகளுக்குத் தற்காலிக முட்டுக் கொடுப்பதும் டேப்பைவிட அதிகம் காப்பாற்றும். டேப் மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இங்கே.

## பெட்டிகள் சேரும் கோடு

இது தொழிற்சாலை வேலையே இல்லை. இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் போர்டின் கடைசிப் பட்டையை அடிக்காமல் அனுப்ப வேண்டும். பெட்டிகளை வைத்து, மட்டம் பார்த்து, இறுக்கிப் பூட்டி, கூரை மூடி, உள்ளே வெப்பநிலை நிலைப்பட்ட பிறகுதான் அதை மூடுவது. பட்டை இரண்டு பெட்டிகளின் மேலும் பரவி, ஜாயின்ட்டுகள் சேரும் கோட்டிலிருந்து விலகி விழும்படி பார்த்துக்கொண்டால் நல்லது.

அங்கே மூன்று வழிகள். பேப்பரும் இறுகும் வகையும் போட்டு ஒரே சுவர் போலக் காட்டலாம். பார்க்க அழகு, அடித்தளம் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் விரிவது இதுதான். இரண்டாவது, அசைவுக்கென்றே செய்த கன்ட்ரோல் ஜாயின்ட் பட்டை. நடுவில் வளையும் பள்ளம், இரு பக்கமும் பட்டி. சி840 நீளமான சுவரில் 30 அடிக்கு ஒன்று, அதாவது சுமார் 9 மீட்டருக்கு ஒன்று கேட்கிறது. பெட்டிகள் சேரும் கோட்டையே அந்த இடமாக ஆக்கிக்கொண்டால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். மூன்றாவது, மரச்சட்டமோ கதவு நிலையோ வரும் இடமாக வடிவமைத்துக் கோட்டையே மறைத்துவிடுவது. வரைபட நிலையிலேயே கேட்க முடிந்தால் மூன்றாவதைத்தான் கேளுங்கள். பக்கத்துக் குடியிருப்போடு பகிரும், தீத்தடுப்பு மதிப்பீடு உள்ள சுவர் என்றால் இந்த ஆராய்ச்சிக்கே இடமில்லை. சோதித்துச் சான்றளித்த அமைப்பில் எந்த டேப், எந்தக் காம்பவுண்டு என்று எழுதியிருக்கிறதோ அதுதான்.

## டேப்பே இல்லாமல்?

அமெரிக்காவில் தொழிற்சாலை வீடுகள் பலவற்றில் வினைல் ஒட்டிய ஜிப்சம் போர்டை அடித்து, ஜாயின்ட்டின் மேல் மெல்லிய பட்டை வைத்துவிடுகிறார்கள். பட்டியும் இல்லை, காய்வதும் இல்லை, பயணத்தில் விரிசல் விழ இடமும் இல்லை. அசைவு வந்தால் பட்டைக்கு அடியில் வந்து போகும். செலவும் நேரமும் குறைவு. ஆனால் சுவரெங்கும் கோடு கோடாக இருக்கும். பிறகு பெயிண்ட் அடிக்கவோ மாற்றவோ நினைத்தால் வேலை அதிகம். வாடகைக்கு விடும் சிறிய அலகு, தற்காலிகத் தங்குமிடம் போன்றவற்றுக்கு இது நல்ல தேர்வு. குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

டேப், அடிப்பூச்சு, மேல்பூச்சு மூன்றின் பெயரையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ‘தரமான டேப்’ என்ற வரிக்கு அர்த்தம் கிடையாது. டேப்பும் காம்பவுண்டும் ஏஎஸ்டிஎம் சி475 அல்லது ஐரோப்பாவின் இஎன் 13963 போன்ற தரத்துக்கு உட்பட்டவையா என்று பாருங்கள். முடிப்பின் அளவையும் குறிப்பிடச் சொல்லுங்கள். 0 முதல் 5 வரையான படிகளில், வழவழப்பான பெயிண்ட் சுவருக்கு 4 வேண்டும். அதாவது பதித்த டேப்பின் மேல் சமமான ஜாயின்ட்டில் இரண்டு தனிப் பூச்சு, உள்மூலையில் ஒன்று. பக்கவாட்டு வெளிச்சம் விழும் நீளமான கூடத்துக்கு மட்டும் 5 கேட்கலாம், வீடு முழுக்கக் கேட்பது காசுக்குக் கேடு.

வீடு வந்து இறங்கிய பிறகு விரிசல் பழுது யார் செலவு, எத்தனை நாள் வரை, அதே பெயிண்டில் ஒரு வாளி கூடவே வருமா என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பழுது வேலையை வந்த அன்றைக்கே ஆரம்பிக்க விடாதீர்கள். மின்சாரம் வந்து, உள்ளே வெப்பநிலை சில வாரம் ஒரே சீராக ஓடிய பிறகு, விழ வேண்டிய விரிசல் எல்லாம் விழுந்து முடியட்டும். அதுவரை ஒவ்வொரு விரிசலின் பக்கத்திலும் பென்சிலால் தேதியும் முனை எங்கே நிற்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.